கலியனின் கன்னம்

கிருஷ்ணவேணியின் மகன் கலியனுக்குக் கன்னம் உருண்டு வரத் தொடங்கியது எழுபத்து மூன்றாம் வருஷம், வைகாசி முதல் வாரத்தில். அந்த வாரத்திலிருந்தே தேவகிக்குச் சோறு இறங்கவில்லை.

இருவரும் ஓரகத்திகள். பிள்ளையார்பாளையத்தில் ஒரே வீடு, ஒரே அடுப்பு, முன்கட்டில் பக்கம் பக்கமாக இரண்டு தறி. மூத்தவன் முனிசாமி தேவகியின் புருஷன், இளையவன் ஆதிகேசவன் கிருஷ்ணவேணியின் புருஷன். பிள்ளைகளும் பத்து நாள் இடைவெளியில் பிறந்தவர்கள்தான். தேவகியின் வரதராஜன் முந்தி, கலியன் பிந்தி. இரண்டு பேருக்கும் ஐந்து முடிந்து ஆறு நடந்துகொண்டிருந்தது.

வரதன் தின்பதெல்லாம் எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது. சட்டையைக் கழற்றினால் விலா எலும்பை எண்ணிவிடலாம். கலியனும் நேற்றுவரை அப்படித்தான் இருந்தான். அது ஒன்றுதான் தேவகிக்கு இருந்த ஆறுதல். மற்றபடி அந்த வீட்டில் எதை எடுத்தாலும் கிருஷ்ணவேணிதான். தேவகி எஸ்.எஸ்.எல்.சி. தேறியவள், தெருவில் யாருக்குத் தந்தி வந்தாலும் அவளிடம்தான் ஓடி வருவார்கள். கிருஷ்ணவேணிக்குத் தன் பெயரை எழுதினாலே கை வலிக்கும். ஆனால் தந்தியைப் படித்துக் கேட்டுவிட்டு, உட்கார்ந்து பேசுவது என்னவோ கிருஷ்ணவேணியிடம். அவள் வைத்த குழம்பென்றால் முனிசாமி, தேவகிக்குத் தாலி கட்டிய அதே முனிசாமி, இன்னொரு கரண்டி கேட்பான். தேவகிக்கு எப்படி இருக்கும்?

இதில் இப்போது கன்னம் வேறு.

கலியன் இடுப்பில் ஒரு வெள்ளி அரணாக்கொடி உண்டு. வைகாசி பிறந்து நாலாம் நாள் அது இறுக்குகிறதென்று கிருஷ்ணவேணி கொக்கியை ஒரு வளையம் தள்ளி மாட்டினாள். அடுத்த நாலாம் நாள் இன்னொரு வளையம். மூன்றாவது தடவை தள்ள வளையம் இல்லை. அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தெருவெல்லாம் காட்டினாள்.

"பாருங்கக்கா, கொடி பத்தல. இந்தப் புள்ள அப்படி இன்னாதான் துன்னுதுன்னே தெரியல!"

தெருவும் பார்த்தது. கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுத்தது. தேவகி அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்று, கிருஷ்ணவேணி பிள்ளைக்கு ஒளித்து வைத்து எதைக் கொடுக்கிறாள் என்று மூன்று நாள் கண்காணித்தாள். ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு தானே துணிந்து வரதனுக்குக் காலையில் இரண்டு முட்டை, மத்தியானம் நெய்ச்சோறு, சாயங்காலம் நேந்திரம்பழம் என்று திணித்தாள். இரண்டாம் நாள் அவன் அத்தனையையும் முற்றத்தில் வாந்தி எடுத்தான். தறிப் பக்கம் போகாமல் முற்றத்துக்கு ஓடினானே, அந்த மட்டும் நல்ல பிள்ளை.

பொறாமைக்காரி பார்ப்பது போல் வேறு யாரும் பார்ப்பதில்லை. பெற்றவள்கூடக் கலியனை அப்படிப் பார்க்கவில்லை. காலையில் அவன் எழுந்திருக்கும்போது கண் இரண்டும் கீறல் மாதிரி இருப்பதைத் தேவகி பார்த்தாள். பகலில் கண் திறந்துவிடும். சாயங்காலம் கணுக்கால் திரண்டிருக்கும். கொல்லையில் அவன் மூத்திரம் பெய்துவிட்டுப் போன இடத்தில், சவுக்காரத் தண்ணீர் கொட்டினாற்போல் நுரை அடங்காமல் நிற்பதையும் பார்த்தாள். இது சதை இல்லை, ஏதோ கோளாறு என்று அவளுக்குப் பட்டுவிட்டது. பட்டதும் முதலில் வந்தது பயமல்ல, சந்தோஷம். மறைத்து என்ன ஆகப்போகிறது? சந்தோஷம்தான்.

கருடசேவைக்குத் தாமலிலிருந்து லோகாம்பாள் வந்தாள். அண்ணன் தம்பி இருவருக்கும் அக்கா. அவள் பேச்சுக்கு அந்த வீட்டில் மறுபேச்சு கிடையாது. விடியற்காலையில் பெருமாளைச் சேவித்துவிட்டுக் கூட வந்த பத்துப் பேரோடு கூடத்தில் உட்கார்ந்து, கலியனை மடியில் போட்டுக்கொண்டாள்.

"எங்கப்பாவேதான்! அப்படியே உரிச்சு வெச்சிருக்குது. எம்மா வேணி, ஒன் கை ராசிம்மா." பிறகு தூணைப் பிடித்துக்கொண்டு நின்ற வரதன் மேல் அவள் கண் போனது. "இன்னா தேவகி, இவனுக்குச் சோறு கீறு போடறதே இல்லியா? கொடிக்கம்பு மாதிரி நிக்கறான்."

பத்துப் பேரும் சிரித்தார்கள். கிருஷ்ணவேணியும் சிரித்தாள், கன்னத்தில் குழி விழ.

தேவகிக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ. நேராகப் போய்க் கலியனின் காலைப் பிடித்து இழுத்து, முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். எல்லோரும் பார்க்கும்படியாக ஒன்று, இரண்டு, மூன்று என்று பத்து எண்ணுகிற நேரம் அழுத்தினாள்.

"இத்தப் போயிச் சதைன்றீங்களே. பாருங்க!"

விரலை எடுத்தாள். பிசைந்த மாவில் வைத்து எடுத்தது போல் குழி அப்படியே நின்றது. நிரம்பவில்லை. கலியன் அழவும் இல்லை, தன் காலில் விழுந்த பள்ளத்தை வேடிக்கை பார்த்தான். கிருஷ்ணவேணியை மட்டம் தட்டத்தான் தேவகி அதைச் செய்தாள். ஆனால் குழியைப் பார்த்ததும் அவளே காலை விட்டுவிட்டு ஓர் அடி பின்வாங்கினாள்.

லோகாம்பாள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "நல்லா இருந்த புள்ள மேல வெரல வெச்சுட்டியேடி பாவி! நீ வெச்ச எடம் குழிஞ்சு பூடுச்சே!"

அவ்வளவுதான். குழியைக் கண்டுபிடித்தவள் குழியை உண்டாக்கியவளாகிவிட்டாள்.

நுரையையும் காலையில் கண் கீறலாக இருப்பதையும் தேவகி சொல்ல, ஊர் டாக்டர் கலியனின் மூத்திரத்தை ஒரு கண்ணாடிக் குழாயில் ஊற்றிக் கொதிக்க வைத்தார். அது முட்டை வெள்ளைக்கரு மாதிரி திரிந்து கெட்டியானது. அன்றைக்கே சென்னைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். கிருஷ்ணவேணி, ஆதிகேசவன், கூடவே தேவகி. அவளை யாரும் ஆசைப்பட்டு அழைத்துப் போகவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் சீட்டுப் படிக்க, கையெழுத்துப் போட, எந்தக் கதவில் நுழைவதென்று கண்டுபிடிக்கப் படித்தவள் ஒருத்தி வேண்டியிருந்தது.

அங்கே டாக்டர் நமச்சிவாயம் என்று ஒருவர். சின்ன வயசு. சிடுசிடுக்கத் தெரியாத மனிதர். கிருஷ்ணவேணி வார்டில் பிள்ளையோடு இருக்க, மற்ற இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டு, தடித்த புத்தகம் ஒன்றைத் திறந்து ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைக் காட்டினார். எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் எடுத்த படம், சாதாரண மைக்ராஸ்கோப்பில் இது தெரியாது என்றார்.

"கிட்னிக்குள்ள லட்சக்கணக்கில சின்னச் சின்ன ரத்தக்குழாய் முடிச்சு இருக்கு. ரத்தம் அங்கதான் வடிகட்டுது. அந்தக் குழாய் மேல இந்த செல்லுங்க உட்கார்ந்திருக்கு பாருங்க. ஒவ்வொண்ணுக்கும் ஏகப்பட்ட கால். இதோட காலும் பக்கத்து செல்லோட காலும் இப்படி..." இரண்டு கை விரல்களையும் கோத்துக் காட்டினார். "நடுவில இடுக்கு. தண்ணியும் கழிவும் அந்த இடுக்கு வழியா எறங்கிடும். ரத்தத்தில இருக்கிற புரதம் எறங்காது. எறங்கக் கூடாது."

ஆதிகேசவன் படத்தின் மேல் குனிந்தான். "எங்க தறியில அச்சுன்னு ஒண்ணு இருக்குதுங்க. சீப்பு மாதிரி. பல்லுக்குப் பல்லு இடுக்கு, இடுக்குல இழை பூந்து வரும். அதும்மாதிரிங்களா?"

"அப்படியே வெச்சுக்கலாம். ஆனா உங்க அச்சுக்குப் பல்லு கெட்டி. இது உயிருள்ள கால், வளையும். அது நிமிர்ந்து நிக்கணும்னா உள்ள எதாவது தாங்கணும் இல்லையா?" பென்சில் முனையால் படத்தில் மெல்லிய கோடுகளைத் தொட்டார். "ஒவ்வொரு காலுக்குள்ளயும் நூல் நூலா ஓடுது, தெரியுதா? செல்லுக்கு எலும்பு அதுதான். நூல் கட்டுக்கோப்பா இருக்கிற வரைக்கும் கால் நிக்கும், இடுக்கும் சரியா இருக்கும். இந்த நோயில அந்தக் கட்டு குலைஞ்சு போகுது." பக்கத்தைத் திருப்பினார். அடுத்த படத்தில் கால்களே இல்லை. பாய் விரித்தாற்போல் தட்டையாக ஏதோ கிடந்தது. "கால் எல்லாம் படுத்துடுச்சு. இடுக்கு கெட்டுப் போச்சு. புரதம் ஒழுகுது."

"எங்களுக்கு அச்சு நூலைப் புடிக்கும்," என்றான் ஆதிகேசவன் மெதுவாக. "இங்க நூலு அச்சைப் புடிச்சிக்கினு இருக்குதா!"

"அது ஏன் குலையுதுங்க?" என்று கேட்டாள் தேவகி.

"இன்னும் யாருக்கும் சரியாத் தெரியாதும்மா. ஆராய்ச்சி பண்ணிக்கிட்டு இருக்காங்க."

தேவகி முந்தானை நுனியை முறுக்கினாள். கேட்கலாமா வேண்டாமா என்று இருந்து, கேட்டே விட்டாள். "கண்ணு கிண்ணு பட்டா?"

டாக்டர் சிரித்தார். "இதைப் பார்க்கவே ஒரு ரூம் அளவுக்கு மெஷின் வேணும்மா. வெறும் கண்ணு இவ்வளவு சின்னதை என்ன பண்ணிட முடியும்?"

தேவகிக்குக் கருடசேவை அன்றிலிருந்து அடைத்திருந்த மூச்சு அப்போதுதான் முழுசாக வெளியே வந்தது. கன்னம் உப்பியது எப்படி என்பதையும் அவர் சொன்னார். ரத்தத்தில் புரதம் இருந்தால்தான் தண்ணீர் ரத்தக்குழாயிலேயே நிற்கும். புரதம் ஒழுகிப் போனால் தண்ணீரைப் பிடித்து வைக்க ஆள் இல்லை, அது வெளியே கசிந்து சதைக்குள் தேங்கிவிடும். முகத்தில் தேங்கும், காலில் தேங்கும், வயிற்றில் தேங்கும்.

ஆக, அரணாக்கொடியில் வளையம் தள்ளி மாட்டியதும் தண்ணீர். தெரு முழுக்க முத்தம் கொடுத்ததும் தண்ணீர். இத்தனை நாள் தான் வயிறெரிந்தது ஒரு பிள்ளையின் உடம்பில் தேங்கிய தண்ணீரைப் பார்த்து. தேவகிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

வெட்கம் வந்தால் பொறாமை போய்விடும் என்று நினைக்கிறவர்கள் தேவகியைச் சந்தித்ததில்லை. வார்டில் கிருஷ்ணவேணியைச் சுற்றித்தான் எல்லோரும். பக்கத்துக் கட்டில்காரி தலை வாரி விட்டாள், நர்ஸ் காப்பி வாங்கிக் கொடுத்தாள். இரண்டு கட்டடம் தாண்டி வரிசையில் நின்று சீட்டு வாங்கி வந்தவளைப் பார்த்து, உட்காரு என்று சொல்ல ஒருவரும் இல்லை.

எட்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆதிகேசவன் ரிக்‌ஷா பிடிக்கப் போயிருந்தான். டாக்டர் நமச்சிவாயம் தேவகியைக் கூப்பிட்டு, குழாயைக் கொதிக்க வைத்துப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார். காலை மூத்திரம் முக்கால் குழாய், ஸ்பிரிட் விளக்கு, மேல்பாகத்தை மட்டும் கொதிக்க விட வேண்டும், பிறகு இரண்டு சொட்டு ஆசிட். குழாய்க்குப் பின்னால் அச்சடித்த காகிதத்தைப் பிடித்தால் எழுத்துத் தெளிவாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ஒழுகுகிறது என்று அர்த்தம். தினமும் நோட்டில் எழுத வேண்டும்.

"இன்னொண்ணு, ரொம்ப முக்கியம். நாங்க குடுத்திருக்கிற மாத்திரையைச் சாப்பிடச் சாப்பிட முகம் உருண்டையா ஆகும். அது நோய் இல்லை, மாத்திரையோட வேலை. பயந்துபோய்த் திடீர்னு நிறுத்திடாதீங்க. நிறுத்தினா ஆபத்து. நாங்க சொல்ற கணக்குப்படிதான் குறைக்கணும். அம்மாகிட்ட மறக்காமச் சொல்லிடுங்க."

"சொல்றேங்க," என்றாள் தேவகி. சொல்வதாகத்தான் இருந்தாள். வாலாஜாபாத் தாண்டும்போது சொல்லலாம் என்று பார்த்தால், பஸ்ஸில் கிருஷ்ணவேணி புருஷன் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்து சொல்லலாம் என்றால் வாசலில் லோகாம்பாள் கை நிறைய உப்பும் மிளகாயுமாக நின்றாள். பிள்ளையை நிற்க வைத்து மூன்று சுற்று சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் நெடியே வரவில்லை.

"பாத்தீங்களா, கமறவே இல்ல. அம்மாம் கண்ணு! யார் கண்ணுன்னு எனக்குத் தெரியாதா?" என்று தேவகியைப் பார்த்தே சொன்னாள்.

முனிசாமி தறியில் குனிந்துகொண்டான். ஆதிகேசவன், கண் பட்டதல்ல என்று டாக்டர் சொன்னதைக் கேட்டவன், அக்காவை எதிர்த்து வாய் திறக்கவில்லை. கிருஷ்ணவேணி தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். 'அவ விரல் வெச்சதாலதான் நோயே தெரிஞ்சுது' என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

சரி, என்று நினைத்துக்கொண்டாள் தேவகி. எல்லாமே அவளுக்குத்தானே. டாக்டர் என்னிடம் சொன்னதாவது என்னிடம் இருக்கட்டும்.

தினமும் காலையில் குழாய் கொதித்தது. அந்த ஐந்து நிமிஷம் மட்டும் வீட்டில் தறி நிற்கும். எல்லோரும் தேவகியின் முகத்தையே பார்ப்பார்கள். அது அவளுக்குப் பிடித்திருந்தது. "கெட்டி," என்பாள். "இன்னிக்கும் கெட்டி." "கொஞ்சம் கலங்கல்." பத்தாம் நாள் காலை, கிழித்த காலண்டர் தாளைப் பின்னால் பிடித்தபோது ராகுகாலம், எமகண்டம் எல்லாம் பளிச்சென்று படிக்க வந்தது. வீக்கமும் வடிந்து கலியன் பழைய ஒல்லிப் பையனாகியிருந்தான். கிருஷ்ணவேணி அந்தக் குழாயைக் கையில் வாங்கிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

தெரு என்ன சொன்னது தெரியுமா? பிள்ளைக்கு உப்பில்லாத சாப்பாடு என்பதால் தாயும் உப்பில்லாமல் சாப்பிட்டாளாம், அந்த விரதம்தான் காப்பாற்றியதாம். கொதிக்க வைத்தது ஒருத்தி, புண்ணியம் இன்னொருத்திக்கு. தேவகியும் ஒரு வேளை உப்பில்லாமல் சாப்பிட்டுப் பார்த்தாள். இரண்டு வாய்க்கு மேல் முடியவில்லை. அதற்கும் சேர்த்து ஆத்திரம் வந்தது.

ஐந்தாம் வாரம் கலியனின் கன்னம் மறுபடியும் உருண்டது.

டாக்டர் சொன்னபடி, மாத்திரையின் வேலை. கால் ஒல்லியாகவே இருந்தது, குழாய் தெளிவாகவே இருந்தது. ஆனால் குழாயைப் பார்க்க லோகாம்பாள் வரவில்லை, கன்னத்தைப் பார்க்கத்தான் வந்தாள். வந்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். "திரும்பிடுச்சுடி வேணி! தெனம் காலையில புள்ள மூத்திரத்த அவ கையில குடுத்துக்கினு இருக்கறியே, உனக்கு அறிவு இருக்குதா? பொறாம புடிச்சவ கையில புள்ளயோட நகத்தக்கூடக் குடுக்கக் கூடாதுடி!"

மறுநாள் தேவகி விளக்கை ஏற்றிக்கொண்டு காத்திருந்தாள். கிருஷ்ணவேணி வெறுங்கையோடு வந்தாள். தேவகியின் கண்ணைப் பார்க்காமல், "இனிமே வேணாம்க்கா," என்றாள்.

ஒரே ஒரு வரிதான். 'பயப்படாத வேணி, இது மாத்திரையால வர்ற உருண்டை' என்று ஒரு வரி. தொண்டை வரைக்கும் வந்தது. நான் சூனியக்காரி என்று நினைக்கிறாளா? நினைத்துக்கொள்ளட்டும். பயந்து ஓடி வந்து என் காலைப் பிடித்துக் கேட்கட்டும், அப்போது சொல்கிறேன். இப்படி நினைத்து வாயை மூடிக்கொண்டாள் மகராசி. விளக்கை ஊதி அணைத்தாள். யாரும் வந்து கேட்கவில்லை.

ஒன்பதாம் நாள், சோறு தின்றுகொண்டே வரதன்தான் போகிறபோக்கில் சொன்னான். "கலியனுக்கு இப்பல்லாம் மாத்தர இல்லம்மா. லோகா அத்த திருப்புட்குழியிலேந்து வேரு கொண்டாந்துச்சு. அதத்தான் அரைச்சுக் குடுக்கறாங்க. அவன் வெளையாடவே வர மாட்டறான். வாந்தி வாந்தியா எடுக்கறான்."

தேவகி எச்சில் கையோடு எழுந்துவிட்டாள். கிருஷ்ணவேணி பிள்ளையைத் தன் கண்ணில் படாமல் வைத்திருக்கிறாள் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். மாத்திரையை நிறுத்துவார்கள் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. தோன்றவில்லையா, தோன்றியதைத் தள்ளி வைத்தாளா? அவளுக்கே தெரியாது.

கிருஷ்ணவேணி கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்த நேரம். கலியன் பின்கட்டில் பாயில் சுருண்டு கிடந்தான். தேவகி ஒரு வெல்லக்கட்டியைக் காட்டினாள். "கண்ணு, பெரீம்மாவுக்கு இந்தக் குழாய ரொப்பிக் குடுப்பியாம். இது ஒனக்காம்." பிள்ளை எழுந்து, தள்ளாடிக்கொண்டு, ஒழுங்காக ரொப்பிக் கொடுத்தது. எட்டி நின்று பார்த்த வரதன் தனக்கும் ஒரு குழாய் வேண்டும் என்றான்.

விளக்கை ஏற்றினாள். அவசரத்தில் இரண்டு சொட்டுக்குப் பதில் நாலு சொட்டு விழுந்தது. காலண்டர் தாளே தேவைப்படவில்லை. குழாய்க்குள் வெள்ளையாகத் திரிந்து நின்றது. இந்தத் தடவை சந்தோஷம் என்று எதுவும் வரவில்லை. குழாய்க்குள்ளே டாக்டரின் இரண்டாவது படம்தான் தெரிந்தது, கால்கள் எல்லாம் படுத்துவிட்ட படம். பத்து நாள் முன்னால்வரை அவை நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தன.

குழாயைப் பிடித்தபடியே கிணற்றடிக்குப் போனாள். கிருஷ்ணவேணி அதைப் பார்த்துவிட்டுத் துணியைப் போட்டாள்.

"யாரக் கேட்டு எடுத்த?"

"திட்டறத அப்புறம் திட்டு. கெட்டியா இருக்குது. மறுபடியும் ஒழுவுது. ஒடனே மெட்ராஸ் போவணும்."

"அதான் மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே. அந்த மாத்தர கேக்கல. அதான் நிறுத்திட்டேன்."

"மாத்தர கேட்டுதுடி. மூஞ்சி உருண்டது மாத்தரயால. அது வரும், பயப்படாதீங்க, நிறுத்தக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரு."

"எப்ப சொன்னாரு?"

"கெளம்புற அன்னிக்கு. என்கிட்ட."

கிருஷ்ணவேணி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தாள். "நீ ஏன் என்கிட்ட சொல்லல?"

மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆஸ்பத்திரி அலைச்சலில் யாருக்குத்தான் மறக்காது? எல்லோரும் நம்பியிருப்பார்கள். அந்தப் பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. தேவகி அதை விழுங்கினாள்.

"பொறாம," என்றாள். "எல்லாம் ஒனக்கே போவுது. இது ஒண்ணாவது எனக்குன்னு இருக்கட்டும்னு வெச்சிக்கினேன்."

கிருஷ்ணவேணி அறைந்தாள். ஈரக்கை, நல்ல சத்தம் கேட்டது. தறி இரண்டும் நின்றன. தேவகி கையிலிருந்த குழாய் சிந்தவில்லை. அவள் சிந்த விடவில்லை. "இத எடுத்துக்கினு போயி டாக்டர் கிட்ட காமி," என்று மட்டும் சொன்னாள்.

பிற்பகல் பஸ்ஸுக்கே கிளம்பினார்கள். சீட்டுப் படிக்க இந்தத் தடவையும் தேவகிதான் போனாள். போகும்போதும், வார்டில் இருந்த பதினாறு நாளும் கிருஷ்ணவேணி அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. முதல் நான்கு நாள் டாக்டர் நமச்சிவாயமே சிரிக்கவில்லை. பிள்ளைக்குக் கையில் ஊசி குத்தி மருந்து ஏற்றிக்கொண்டே இருந்தார்கள். மாத்திரையை மறுபடி தொடங்கினார்கள். பதினான்காம் நாள் குழாய் தெளிந்தது. "தப்பிச்சான்," என்றார் டாக்டர். "அம்மாகிட்ட சொன்னீங்களா?" என்றும் கேட்டார்.

"இப்ப சொல்லிட்டேங்க," என்றாள் தேவகி.

திரும்பி வந்த மறுநாள் காலை. தேவகி அடுக்களையில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். ஸ்பிரிட் விளக்கை அவள் எடுத்து வைக்கவில்லை. எந்த முகத்தோடு எடுத்து வைப்பது? கிருஷ்ணவேணி உள்ளே வந்தாள். கையில் குழாய், முக்கால் அளவுக்கு. அதைத் தேவகியின் முன்னால் நீட்டினாள்.

"பாரு."

தேவகிக்குக் காதை நம்ப முடியவில்லை. "நீயே பாக்கலாமே வேணி. எழுத்து தெரிஞ்சா தெளிவு, தெரியலன்னா கலங்கல். படிக்கக்கூடத் தேவயில்ல."

"நான் பாத்தா எனக்குத் தெளிவாத்தான் தெரியும்," என்றாள் கிருஷ்ணவேணி. "கலங்கியிருந்தாலும் தெளிவாத்தான் தெரியும். மொத தபா அவன் வீங்கினப்ப எனக்கு அழகாத் தெரிஞ்சுது. கொடிய எடுத்துக்கினு தெருத் தெருவாப் போனேன். நுரையப் பாத்தது நீ, கண்ணு இடுங்கிப் போனதப் பாத்தது நீ. எம் புள்ள கிட்ட இன்னா கொறன்னு இந்த வூட்டுல தேடிக்கினு இருக்கறது நீ ஒருத்திதான். அந்தக் கண்ணு எனக்கு வேணும்."

"லோகாம்பா இன்னா சொல்லுவாங்க?"

"சொல்லட்டும்."

தேவகி விளக்கை ஏற்றினாள். முன்கட்டில் தறிச் சத்தம் நின்றது. குழாயின் மேல்பாகம் கொதித்தது. இரண்டு சொட்டு. இரண்டே சொட்டு. காலண்டர் தாளைப் பின்னால் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினாள். ஆவணி பதினொன்று, திங்கட்கிழமை. பொடி எழுத்துவரை அத்தனையும் தெரிந்தது. வாசலில் வரதனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த கலியனின் உருண்டைக் கன்னம் ஜன்னல் வழியே தெரிந்தது. பக்கத்தில் வரதனின் ஒட்டிய கன்னம்.

பிள்ளை பிழைத்தான் என்ற நிம்மதி தேவகிக்கு நிஜமாகவே வந்தது. அது வந்த அதே வழியில், பின்னாலேயே இன்னொன்றும் வந்தது. அறைந்தவளும் அவளே, மன்னித்தவளும் அவளே. இந்தப் பெரிய மனசையும் கடவுள் அவளுக்கே கொடுத்துவிட்டானே!

"எப்படி இருக்குது?" என்று கேட்டாள் கிருஷ்ணவேணி.

"தெளிவா இருக்குது."

கிருஷ்ணவேணி அவள் முகத்தைப் பார்த்தாள். "வயிறு எரியுதாக்கா?"

தேவகி குழாயைக் கழுவினாள். துணியால் துடைத்துக் கவிழ்த்து வைத்தாள்.

"எரியுது," என்றாள்.

"எரியட்டும்," என்றாள் கிருஷ்ணவேணி. "நாளைக்கும் நீதான் பாக்கணும்."